சத்தமில்லாத கொட்டு

வேலாயுதன் ராஜையாவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். அதில் ஆயிரத்து எண்ணூறு கைமாற்று. நாற்பது ஆட்டோ வாடகை.

ராஜையா ஆட்டோ ஓட்டுகிறவர். வேலாயுதன் கிணறு வெட்டுகிறவன். காரோட்டில் இருந்து குளத்தூர் போகிற வழியில், கய்யாலை என்கிற மண் எல்லைச்சுவருக்கு இந்தப் பக்கம் அவன் வீடு, அந்தப் பக்கம் அவர் வீடு. போன வருஷத்து மழையில் வேலாயுதனின் மனைவி ஷியாமளாவுக்கு ஆறாம் மாதத்தில் வலி கண்டபோது, ராஜையாதான் வண்டியை எடுத்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டயர் மாற்ற வைத்திருந்த பணத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்துக் கொடுத்தார். போகும்போது வண்டியில் இருந்த ஒரு உயிர் திரும்பும்போது இல்லை. அது இரண்டாவது தடவை. முற்றத்தில் இறங்கி நின்ற வேலாயுதன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், "கைமாத்து வேற, வாடகை வேற அண்ணே. ரெண்டையும் ஓணத்துக்குள்ள தந்திருவேன்" என்றான். ராஜையா வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த ஓணம் வந்தது, போனது. அடுத்த ஓணமும் வந்தது, போனது.

கடன் கொடுத்தவன் தூரத்து ஊரில் இருந்தால் மாதத்துக்கு ஒரு நாள் ஒளிந்தால் போதும். பக்கத்து வீட்டில் இருந்தால் மூச்சு விடும் நேரமெல்லாம் ஒளிய வேண்டும். வேலாயுதன் காலையில் ராஜையா வண்டியை ஸ்டார்ட் செய்கிற சத்தம் கேட்ட பிறகே வீட்டை விட்டு இறங்குவான். சாயங்காலம் ரோட்டு வழியே வராமல் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி, அட்டை கடிக்கக் கடிக்க வருவான். ராஜையா ஒரு நாளும் பணம் கேட்டதில்லை. கேட்காததுதான் வேலாயுதனுக்குப் பெரிய பயமாக இருந்தது. கேட்கிறவன் கேட்டுவிட்டுப் போவான். கேட்காதவன் மனசுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது ஷியாமளாவுக்கு ஏழாம் மாதம். பாரம் தூக்கக் கூடாது, படுத்தே கிடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ராஜையாவின் மனைவி லீலாபாய் ஒரு நாள் நெத்தோலி மீன் கறி கொண்டு கய்யாலையைத் தாண்டி வந்தாள். அவள் உள்ளே வந்து உட்கார்ந்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்று வேலாயுதனுக்குத் தெரியும். வாசலிலேயே மறித்துக்கொண்டான்.

"அக்கா, ஒரு சத்தமும் கேக்கப்பிடாதுண்ணு டாக்டரம்மா சொல்லியிருக்கு. ஒரு செம்பு கீழ விழுந்தாக்கூடக் குழந்தைக்குக் கேடாக்கும். ஆளு வந்து போகவும் பிடாது."

"அய்யோ மக்கா, நான் அறியேல்லியே!" என்றாள் லீலாபாய். சொல்லும்போதே குரல் பாதியாகிவிட்டது. கறிப் பாத்திரத்தைச் சத்தம் வராமல் படியில் வைத்துவிட்டு, குதிகால் தரையில் படாமல் நடந்து போனாள்.

டாக்டரம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. வேலாயுதன் அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னான். நல்லதாய்ப் போயிற்று, இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் ஒரு மாற்றம் நடந்தது. ராஜையாவின் மகள் ஷீனா சர்ச்சில் பாட்டுக்குழுவுக்கு டிரம்ஸ் அடிக்கிறவள். தினமும் வேலை முடிந்து வந்ததும் வீட்டின் பின்னறையில் அடித்துப் பழகுவாள். வாழைத்தோப்பு முழுக்கக் கேட்கும். அன்று கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் வரப்போகிற காலத்தில் அந்த வீட்டில் கொட்டுச் சத்தம் நின்றுபோனது வேலாயுதனுக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்கு முன்னால் மனிதன் பேச்சை நிறுத்துவது மாதிரி இருந்தது.

பிறகு ஒரு நாள், ஒரு வாழையின் மூட்டடியில் நின்றுகொண்டிருந்தபோது பார்த்தான். ராஜையாவும், மஸ்கட்டில் இருந்து லீவில் வந்த லீலாபாயின் தம்பி ராபின்சனும், நீளமான ஒரு அட்டைப்பெட்டியை இரண்டு முனையிலும் பிடித்துப் பின்னறைக்குள் கொண்டுபோனார்கள். பெட்டி ஒரு பிள்ளையைக் கிடத்துகிற நீளம் இருக்கும். தாங்கித் தாங்கிப் பையக் கொண்டுபோனார்கள். உள்ளே போனதும் கதவை அடைத்தார்கள்.

அன்று இருட்டுகிற நேரத்தில் அது தொடங்கியது.

தும்.

தும் தும்.

தும்.

காதில் கேட்கிற சத்தம் இல்லை. காதைப் பொத்தினாலும் கேட்டது. தரையில் இருந்து கால் வழியே ஏறி வந்தது. கட்டிலில் கிடந்த ஷியாமளா எழுந்து உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்க, இது என்னது?"

வேலாயுதன் முற்றத்தில் இறங்கி நின்று கேட்டான். காற்றில் ஒன்றும் இல்லை. தவளை கத்துகிறது, தூரத்தில் பஸ் போகிறது. வீட்டுக்குள் ஏறித் தரையில் கால் வைத்தால், தும். குனிந்து உள்ளங்கையை வைத்தான். பூமிக்கு அடியில் யாரோ எதையோ அறைந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அறைவார்கள், நிறுத்துவார்கள், மறுபடி முதலில் இருந்து அதே மாதிரி அறைவார்கள். கூடவே, மிகவும் லேசாக, விரல் முட்டியால் பலகையைத் தட்டுகிற மாதிரி ஒரு டக் டக். அது மட்டும் ராஜையாவின் பின்னறைப் பக்கம் இருந்து வந்தது.

சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது. அந்த வருஷம் தினமும் அரைமணி நேரம் கரண்ட் கட். விளக்கு அணைந்ததும் தும் நின்றது. அரைமணி கழித்து விளக்கு வந்தது. தும்மும் வந்தது.

"குழந்தை துள்ளுது" என்றாள் ஷியாமளா. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தாள். "அது முட்டும்போ இதும் துள்ளுது. பேடிச்சு, பயந்தாக்கும் துள்ளுது."

மறுநாள் வேலாயுதனுக்குப் பாறசாலைப் பக்கம் ஒரு கிணற்று வேலை. அங்கே மண் சுமக்க வருகிற அம்மிணியிடம், யாரையும் குறிப்பிடாமல், இப்படி ஒரு வீட்டில் இப்படிக் கேட்கிறதாம் என்றான். அம்மிணி மண்கூடையை இறக்கி வைத்து இடுப்பில் கை கொடுத்தாள்.

"எலே, அந்த வீட்டுக்காரன் ஆருக்காவது பைசா குடுக்கணுமா?"

வேலாயுதன் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தான். "எதுக்குக் கேக்கிய?"

"பூமிக்கடியில முட்டு கேட்டா அது கூடோத்திரமாக்கும். தகட்டுல பேரெழுதி, முட்டைய வச்சு, ஆணி அடிச்சுப் புதைப்பானுவ. ஆணி ஒவ்வொண்ணா எறங்க எறங்க இங்க ஆளு ஒவ்வொரு நாளா தேயும்."

"பக்கத்து வீட்டுக்காரன் வேதக்காரனாக்கும், சர்ச்சுக்குப் போறவன். அவனுவ அதெல்லாம் செய்வானுவளா?"

"பைசா போனவனுக்கு வேதம் ஏது, சாத்திரம் ஏது? நம்ம ஆளுவ மட்டும் பெரிய யோக்கியனுவளா? செவ்வாய்க்கிழமை மந்திரவாதிக்க வீட்டு வாசல்ல போய் நின்னு பாரு, எல்லா சாதியும் செருப்பு கழத்திப் போட்டிருக்கும்."

"கரண்ட் போனா முட்டு நிக்குதாம்."

"பின்ன? வெளிச்சத்துல பாத்துத்தானே ஆணி அடிக்கணும்? விரல்ல அடிச்சுக்கிட்டா மந்திரவாதிக்கு மருந்து போடுறது ஆரு?" என்றாள் அம்மிணி. கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். வேலாயுதனும் சிரிக்கப் பார்த்தான். வாய்தான் கோணியது.

அன்று அவன் வேலையில் கயிறு இரண்டு தடவை கை நழுவியது. கிணற்றுக்குள் நின்றுகொண்டு கை நழுவுகிறவனுக்கு ஆயுசு குறைவு என்று எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரி அவனை மேலே ஏற்றிவிட்டு வேறு ஆளை இறக்கினார்.

மூன்றாம் நாள் காலையில் கய்யாலையின் மூட்டில், காட்டுச்சேம்பு இலைக்கு அடியில், ஒரு கோழிமுட்டை கிடந்தது. செம்மண் பட்டுச் சிவந்திருந்தது. முட்டையின் கூர்த்த பக்கம் அவன் வீட்டைப் பார்த்து இருந்தது. வேலாயுதன் இரண்டு அடி பின்னால் போனான். ஷியாமளாவிடம் சொல்லவில்லை. வாழையிலையில் வாரி எடுத்துக்கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தோட்டில், ஓடுகிற தண்ணீரில் விட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தான்.

ஆனால் முட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தொடங்கும். முதலில் பைய இருந்தது, பிறகு வேகம் கூடியது. ஷியாமளா சாப்பாட்டைக் குறைத்தாள். முகத்தில் நீர் வைத்தது. கால் வீங்கியது. முட்டு தொடங்கினால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். "இதும் போயிருமா?" என்று ஒரு தடவை கேட்டாள். சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள். வேலாயுதன் மனசுக்குள் எண்ணினான். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் போனது. இரண்டாவது ஆறில். இது ஏழாம் மாதத்தைத் தொட்டிருக்கிறது. இதையும் அந்த ஆயிரத்து எண்ணூற்று நாற்பது தின்றுவிடுமோ?

அவனுக்குப் பூமியைப் பற்றித் தெரியும். ராஜையாவின் கிணற்றை வெட்டியதே அவன்தான். இரண்டு வீடும் ஒரே பாறைப் பரப்பின் மேல் நிற்கிறது, அங்கே தட்டினால் இங்கே கேட்கும் என்பதெல்லாம் அவன் கண்ணால் பார்த்தது. ஆனால் பயம் ஏறிய மண்டையில் தெரிந்தது எதுவும் நிற்காது. ராஜையாவின் வீட்டுப் பக்கம் போய், "அண்ணே, அது என்ன முட்டு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்க வேண்டுமானால் முகத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கையில் பணம் வேண்டும்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், வேலாயுதன் மண் கொத்துகிற கூந்தாலியையும் மம்பட்டியையும் எடுத்தான்.

"எங்க போறிய?" என்றாள் ஷியாமளா.

"தகட்ட எடுத்துக்கிட்டு வாறேன். எடுத்து வெளிய போட்டாப் போரும், அதுக்க பலம் போயிரும்."

"வேண்டாம். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. இங்க இருங்க."

"இன்னா வந்திருவேன்" என்றான் அவன். இரண்டு நாளாக அவளுக்கு இடுப்பு கடுத்துக்கொண்டிருந்தது. அதுவும் தகட்டின் வேலைதான் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

கய்யாலையைத் தாண்டி, ராஜையாவின் பின்னறைச் சுவரை ஒட்டி உட்கார்ந்தான். மேலே ஜன்னல் சாத்தியிருந்தது. இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே டக் டக் டக் டக் என்று அந்த விரல் முட்டிச் சத்தம். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. மனித வாய் எதுவும் அங்கே இல்லாத மாதிரி. நனைந்த மண் சத்தமில்லாமல் பெயர்ந்தது. கிணறு வெட்டுகிற கை, தானாகவே தோண்டியது. முழங்கால் ஆழம் போனதும் கூந்தாலியின் காம்பு துடிக்கத் தொடங்கியது. தும். தும் தும். அந்தத் துடிப்பு காம்பில் ஏறி, உள்ளங்கையில் ஏறி, தோளுக்கு வந்தது. கிட்டே வந்துவிட்டோம் என்று நினைத்தான். உடம்பு வேர்த்து ஊற்றியது. தகடு கையில் பட்டால் கை கரிந்துபோகும் என்று சொல்வார்கள். கரிந்தால் கரியட்டும்.

கரண்ட் போனது.

ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் செத்தது. முட்டு நின்றது. அவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருந்த காம்பு கையில் செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. வேலாயுதன் குழிக்குள் அப்படியே இருந்தான். என்னைத் தெரிந்துகொண்டார்கள், அதனால்தான் நிறுத்தினார்கள் என்று தோன்றியது. மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னலையே பார்த்தான்.

மேலே ஜன்னல் படார் என்று திறந்தது.

"அம்மா!" ஷீனாவின் குரல். "அம்மா, ஷியாமளா சேச்சி விளிக்கியா! கேளுங்க!"

அப்போதுதான் அவனுக்கும் கேட்டது. கய்யாலைக்கு அப்புறம் அவன் வீட்டில் இருந்து, மாட்டுக் கன்று முனகுகிற மாதிரி ஒரு குரல். எவ்வளவு நேரமாக அப்படிக் கூப்பிடுகிறாளோ. முட்டுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு தோண்டியவனுக்கு அது காதில் ஏறவில்லை. அவன் எழுந்தான். எழுந்ததும் டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது.

"ஆருலே அது?" ராஜையா முற்றத்தைச் சுற்றி வந்து நின்றார்.

"நானாக்கும் அண்ணே."

"வேலாயுதனா?" டார்ச் வெளிச்சம் முகத்தில் இருந்து கூந்தாலிக்கு இறங்கியது, அதிலிருந்து குழிக்கு, குழியில் இருந்து மேலே ஜன்னலுக்குப் போனது. "எனக்க பிள்ளைக்க ஜன்னலுக்குக் கீழ, இருட்டுல, நீ என்னலே செய்யுத?"

ஆயுசில் அதுவரை வேலாயுதன் பயந்த பயமெல்லாம் ஒரு பங்கு என்றால், அந்த ஒரு கேள்விக்குப் பயந்தது இன்னொரு பங்கு. கூந்தாலியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"அப்பா, அத பொறவு கேளுங்க!" என்று ஜன்னலில் இருந்து ஷீனா கத்தினாள். "அங்க சேச்சி தனியாக்கும். வண்டிய எடுங்க!"

ராஜையா டார்ச்சை அணைத்தார். இருட்டில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. "ஓடுலே" என்றார்.

லீலாபாய் அதற்குள் கய்யாலையைத் தாண்டியிருந்தாள். ஷியாமளா கட்டிலில் இருந்து இறங்கி வாசல்படி வரை இழுத்துக்கொண்டு வந்து கிடந்தாள். சேலை நனைந்திருந்தது. ரத்தமா, பனிக்குட நீரா என்று இருட்டில் தெரியவில்லை. லீலாபாய் கையை வைத்து முகர்ந்து பார்த்து, "வெள்ளம் உடைஞ்சாச்சு, சோர இல்ல. கர்த்தாவே, சோர இல்ல" என்றாள்.

ஆட்டோவில் பின்னால் ஷியாமளாவும், அவளைத் தாங்கிக்கொண்டு லீலாபாயும். முன்னால் ராஜையாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, முழங்கை வரை மண்ணோடு, வேலாயுதன். போன வருஷம் போன அதே ரோடு. அதே குழிகள். ஒவ்வொரு குழியிலும் வண்டி விழும்போது அவன் பல்லைக் கடித்தான். ராஜையா குழியைக் கண்ட இடமெல்லாம் வண்டியை நடக்க வைப்பது மாதிரி இறக்கி ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் ஷியாமளாவை உள்ளே கொண்டுபோய்க் கதவை அடைத்தார்கள். வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து ராஜையா அந்தக் கதவைப் பார்த்தபடியே கேட்டார்.

"இப்ப சொல்லு. எனக்க சொவருக்க அடியில என்ன தோண்டினே?"

வேலாயுதன் கையில் காய்ந்த மண்ணை உரித்துக்கொண்டிருந்தான். "தகடு."

"என்ன தகடு?"

"நீங்க வச்ச தகடு."

ராஜையாவுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். "கூடோத்திரமா? நானா?"

"பைசா தரல்லியே. அதுக்காக்கும்ணு..."

"எலே மடையா, எனக்குக் கூடோத்திரம் வைக்கத் தெரிஞ்சா ஆட்டோவுக்குக் கடன் தந்த வட்டிக்காரனுக்கு மொதல்ல வச்சிருப்பேன். உனக்கு எதுக்கு வைக்கியேன்?"

"பின்ன நீங்க ஒருநாளும் பைசா கேக்கல்லியே அண்ணே."

ராஜையா மறுபடியும் கதவைப் பார்த்தார். "பேடியாக்கும்" என்றார் தாழ்ந்த குரலில். "நான் வந்து கேட்டு நின்ன நேரத்துல அவளுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுண்ணா, அந்தப் பாவம் எனக்க தலையிலல்லா விழும்."

அவர் கேட்கப் பயந்தார். இவன் கேட்டுவிடுவாரோ என்று பயந்தான். இரண்டு பயமும் ஒரு கய்யாலைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தன. அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை. கதவு திறந்தது. நர்ஸ் ஒரு துணிப்பொதியை அணைத்தபடி ஓடினாள். பொதியில் இருந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"பெண் குழந்தை. எடை குறைவு. கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்று ஓடிக்கொண்டே மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் துணி எடுக்க வேலாயுதன் வீட்டுக்கு வந்தான். கய்யாலைக்கு அப்புறம் ஷீனா நின்றுகொண்டிருந்தாள். இரவெல்லாம் அழுத முகம். தரையில் கேட்ட முட்டுச் சத்தத்தைப் பற்றி ஷியாமளா சொன்னதை லீலாபாய் வந்து சொல்லியிருந்தாள்.

"அண்ணா, நான் ஒண்ணு கேட்டா உண்மைய சொல்லணும். எனக்க கொட்டுனாலயா குழந்தை நேரத்தே வந்தது?"

"என்ன கொட்டு?"

அவள் அவனைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே ஒரு இரும்புச் சட்டம். அதில் வட்ட வட்டமாகக் கறுப்பு ரப்பர் பலகைகள். நடுவில் ஒரு சின்னப் பெட்டி, வயர்கள். தரையில் ஒரு மிதி, மிதித்தால் சுத்தியல் மாதிரி ஒன்று போய் ரப்பரில் அறைகிறது. அந்த நீள அட்டைப்பெட்டி மூலையில் காலியாகச் சாத்தியிருந்தது.

"எலக்ட்ரானிக் டிரம்ஸாக்கும். சேச்சிக்குச் சத்தம் ஆகாதுண்ணு நீங்க அம்மாட்ட சொன்னீங்கல்லியா? கொட்டாம இருந்தா கிறிஸ்துமஸ் பாட்டு கெட்டுப்போவும். அதான் ராபின்சன் மாமன் மஸ்கட்டுல கூட வேலை செய்யுத ஆளுட்ட இருந்து பழசா வாங்கிக் கொண்டுவந்தாரு. இதுல கொட்டினா வெளிய கேக்காது."

அவள் ஹெட்போனை எடுத்து அவன் காதில் மாட்டினாள். குச்சியை எடுத்து அடித்தாள்.

வேலாயுதன் துள்ளிப்போய் சுவரில் இடித்துக்கொண்டான். காதுக்குள் ஒரு திருவிழாவே நடந்தது. சிணுங்குகிறது, உருளுகிறது, இடி இடிக்கிறது. ஹெட்போனைக் கழற்றினான். டக் டக் டக். மாட்டினான். திருவிழா. கழற்றினான். ஷீனா மிதியை ஒரு தடவை மிதித்தாள். தும் என்று அவன் காலில் ஏறியது.

"கரண்ட் போனா இது பேசாதா?"

"எப்பிடிப் பேசும்? நேத்தைக்கு கரண்ட் போனதுனாலதான் ஹெட்போன கழத்தினேன். கழத்தினதுனாலதான் சேச்சி விளிச்சது கேட்டுது." அவளுக்கு மறுபடி கண் நிறைந்தது. "தரை வழியா சத்தம் போவும்ணு எனக்குத் தெரியாது அண்ணா. குழந்தைக்கு ஒண்ணு ஆனா இனி நான் கம்பத் தொடமாட்டேன்."

இத்தனை நாள் தன் முதுகில் இருந்த பயம் இறங்கி இந்தப் பிள்ளையின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டதை வேலாயுதன் பார்த்தான். அது எவ்வளவு கனம் என்று அவனுக்குத் தெரியும்.

"மக்கா" என்றான். "சத்தம் ஆகாதுண்ணு டாக்டரம்மா சொல்லல்ல. நானாக்கும் சொன்னது. உங்கம்மா உள்ள வந்தா பைசாவக் கேப்பாளோண்ணு பேடிச்சு, வாயில வந்த ஒரு கள்ளத்தச் சொன்னேன். பிரஷர் கூடியாக்கும் குழந்தை நேரத்தே வந்ததுண்ணு ராத்திரியே டாக்டரம்மா சொல்லியாச்சு. முகமும் காலும் வீங்கினது அதனாலயாம். நான் அதப் பாத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாம, மண்ணத் தோண்டிக்கிட்டு இருந்தேன்."

ஷீனா குச்சியைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்தாள். அடுக்களையில் இருந்து லீலாபாயின் குரல் வந்தது. "பொறுத்தது பொறுத்தோம், எனக்க கோழி இட்ட முட்டைய எடுத்தது ஆருண்ணும் கேளு. கய்யாலை மூட்டுல ஒண்ணு போட்டிருந்து, காணல்ல."

வேலாயுதன் அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் இறங்கிப் போனான்.

குழந்தை கண்ணாடிப் பெட்டியில் கிடந்த நாட்கள் எல்லாம் பயத்தின் நாட்கள்தான். இது வேறு பயம். முன்னால் இருந்தது இருட்டுப் பயம், இது வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிற பயம். ஒரு நாள் மூச்சு திணறும், நீலம் பாரிக்கும், நர்ஸ் ஓடுவாள். அடுத்த நாள் பால் இறங்கும். ஷியாமளா கண்ணாடிக்கு வெளியே நின்று, கண்ணாடியில் கை வைக்கப் பயந்து, சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருப்பாள். லீலாபாய் தினமும் கஞ்சி கொண்டு வந்தாள். இப்போது வேலாயுதன் அவளை வாசலில் மறிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் டாக்டரம்மா, "வீட்டுக்குக் கொண்டுபோகலாம்" என்றாள். ராஜையா வண்டியோடு வந்தார். குழிகளில் வண்டியைப் பழையபடி நடக்க வைத்தார். ஷியாமளாவின் மடியில் குழந்தை வீடு வரை தூங்கியது.

அன்று வேலாயுதன் ராஜையாவின் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய ஆட்டோ டயர்களை எடுத்துக் கழுவினான். பின்னறைத் தரையில் அவற்றைப் போட்டு, மேலே பலகை அடித்து, அதன் மேல் ஷீனாவின் மிதியை வைத்தான். தன் வீட்டுக்கு ஓடிப்போய் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தான். பிறகு காதையும் வைத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. "கொட்டு மக்கா, கொட்டு!" என்று கய்யாலைக்கு இப்புறம் இருந்து கத்தினான்.

"கொட்டிக்கிட்டுதான் இருக்கியேன்!" என்று ஷீனா அங்கிருந்து கத்தினாள்.

வெயில் காலம் வந்தபோது ராஜையாவின் கிணற்றில் தண்ணீர் அடியைத் தொட்டது. வேலாயுதன் தானாகவே கூந்தாலியோடு போய் நின்றான். சேறு வாரி, பாறையை உடைத்து, ஆழம் கூட்டினான். அம்மிணி மேலே நின்று கயிறு இழுத்தாள். "தகடு ஏதாவது கெடைச்சுதா?" என்று தினமும் ஒரு தடவை குழிக்குள் குனிந்து கேட்பாள். "கெடைச்சா உனக்க தலையிலயாக்கும் போடுவேன்" என்பான் இவன் உள்ளே இருந்து. ஊற்று கண் திறந்த அன்று, அம்மிணியின் கூலியை ராஜையா கையில் கொடுத்தார். வேலாயுதனின் கூலியைக் கணக்கில் வைத்துக் கூட்டிப் பார்த்ததில் ஆயிரத்து எண்ணூறு தீர்ந்திருந்தது.

வேலாயுதன் வேட்டி மடிப்பில் இருந்து இரண்டு இருபது ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினான்.

"இது என்னது?" என்றார் ராஜையா.

"வாடகை அண்ணே. நாப்பது."

"எந்த ஓட்டத்துக்க வாடகை?"

வேலாயுதன் நெய்யாற்றின்கரை ரோட்டைப் பார்த்தான். ராஜையா அவன் சொல்லக் காத்திருக்கவில்லை.

"அந்த ஓட்டத்துக்கு நான் வாடகை எழுதல்ல. நீயாக்கும் எழுதினது. நீயே அழிச்சிரு." நோட்டை வாங்காமல் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கய்யாலைக்கு அப்புறம் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. நல்ல பலமான அழுகை. ராஜையா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு முன்னால் கையை நீட்டினார்.

"அவளக் கொண்டுவந்த ஓட்டத்துக்கு நீ இன்னும் வாடகை தரல்ல. அதுக்குண்ணா தா, வாங்குறேன். ஆனா நாப்பது போராது. பெட்ரோல் வில கூடியாச்சு. அஞ்சு கூடத் தரணும்."

வேலாயுதன் வீட்டுக்குப் போய், ஷியாமளாவிடம் கேட்டு ஒரு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு வந்து, நாற்பத்தைந்தாகக் கொடுத்தான். ராஜையா அதை எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.